இரண்டாவது போல்ட்

எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று அவரோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் போனில் சொன்னபோது, நான் தில்லி கரோல் பாக் மெட்ரோ படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஊருக்கெல்லாம் ஆபத்தை முன்கூட்டிச் சொன்னவர், தன் விஷயத்தில் வாயே திறக்கவில்லை. அதில் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வாய் தெரியும். மேல் மாடிக்காரரின் கேஸ் குழாயை முகர்ந்து பார்த்து, "இது ஒருநாள் வெடிக்கும், பாத்துக்கிடுங்க" என்றார். அபசகுனம் பிடித்த பேச்சு என்று மாடிக்காரர் கதவைச் சாத்தினார். ஆனால் மறுநாளே குழாயை மாற்றிவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பேச்சு வந்தது ஒரு பனிக்காலக் காலையில். என் கணவர் ரவி, மகளை மோட்டார் சைக்கிளில் மந்திர் மார்க் பள்ளிக்கு அழைத்துப்போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். சில நாள் முன்புதான் முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கைத் தானே கழற்றி மாட்டியிருந்தார். எதையும் முழு பலத்தோடு இறுக்கினால்தான் அவருக்கு நிம்மதி. எங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டிலை வேறு யாராலும் திறக்க முடியாது. ஸ்பானரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, ஏறி மிதிக்காத குறையாக போல்ட்டுகளை முறுக்கியிருந்தார்.

டியூட்டி முடிந்து வந்த அக்கா சக்கரத்தருகே குனிந்தார். டிஸ்க்கைச் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்போடு பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்றுக்குத் தலை இல்லை. மிச்சம் ஹப்புக்குள்ளே முறிந்து கிடந்தது.

"ரவி, வண்டிய எடுக்காண்டாம்."

"மத்ததெல்லாம் இருக்கே அக்கா. சாயங்காலம் பாத்துக்கறேன்."

"மத்ததையும் இதே கைதானே முறுக்குச்சு?"

தெருமுனையில் வண்டி பழுதுபார்க்கும் மிஸ்திரியும் எட்டிப் பார்த்துவிட்டு, "சல் ஜாயேகா தீதி", பரவாயில்லை, ஓடும் என்றார். அக்கா சாவியை உருவித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அவருடைய அப்பா நாகர்கோவிலில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். மிஸ்திரி சுத்தியலை எடுத்ததும், "ஆராம் ஸே, பையா", மெதுவாக என்று அக்கா தடுத்தார். ஹப்பைச் சூடாக்கி, முறிந்த இடத்தில் எண்ணெய் விட்டு, டீ குடிக்கும் நேரம் காத்திருக்க வைத்தார். பிறகு துண்டின் நடுவில் துளையிட்டு, கழற்றும் திசையில் திருகத் திருகக் கடித்துக்கொள்ளும் இடப்பக்க மரை வெட்டிய கம்பியை அதில் மெதுவாகத் திருகினார் மிஸ்திரி. அந்தக் கம்பியும் உள்ளே ஒடிந்தால் ஹப்பையே தூக்கிப்போட வேண்டியதுதான். ஒருவழியாகத் துண்டு சுழன்று வெளியே வந்தது.

"அச்சா, முடிஞ்சதுல்ல? ஜல்தி, சாவியக் குடுங்க" என்றார் ரவி.

"அடுத்ததக் கழத்துங்க" என்றார் அக்கா மிஸ்திரியிடம்.

மிஸ்திரி சலித்துக்கொண்டே ஸ்பானரை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. போல்ட்டின் தலை ஸ்பானரோடு கையில் வந்துவிட்டது. அதற்கடுத்ததும் அப்படியே. பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறக் காத்திருந்த மகளை ரவி சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தூக்கும் வயதை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள். "இறக்குங்கப்பா" என்று அவள் நெளிந்தாள். அவர் இறக்கவில்லை.

அக்கா எனக்கு விட்டுப்போனது தைரியத்தையோ ஆறுதலையோ அல்ல, பயத்தை. "பரவாயில்லை, ஓடும்" என்று யார் சொன்னாலும் இன்றும் நான் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன். இப்போது வேலைக்குப் போகும் மகள் அதற்காக என்னைக் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவள் கேலி செய்ய உயிரோடு இருப்பதே அந்தப் பயத்தால்தான்.