பெண் பார்க்கத் துணைக்குப் போனேன்

அவனுக்குப் பெண் பார்க்க என்னையும் துணைக்குக் கூப்பிட்டது அவனுடைய அம்மாதான். “நீயும் வா மக்கா. நீ கூட இருந்தாதான் அவன் வாயத் தொறப்பான்” என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிற பயல்கள் நாங்கள். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு மார்த்தாண்டத்தில் செல்போன் ரிப்பேர் கடை. அவன்மேல் எனக்கு இருப்பது வெறும் சிநேகம் இல்லை என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை அவனிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. போகமாட்டேன் என்று அம்மாவிடம் என்ன காரணம் சொல்ல முடியும்? எரிச்சலில், இருப்பதிலேயே மட்டமான சட்டையை எடுத்து அவனைப் போடவைத்தேன். பாவி, அதிலும் அழகாகத்தான் இருந்தான்.

பெண் வீடு அருமனைக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். அம்மா காரில் வந்தார், நாங்கள் என் பைக்கில். பெண் நர்ஸ் படிப்பு முடித்தவள். கூச்சப்படுகிற ரகம் இல்லை. டீயோடு முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வைத்துவிட்டு, “சீனி போதுமா?” என்று அவனிடம் கேட்டாள்.

“அவனுக்கு அரை ஸ்பூன் கூட வேணும்” என்றேன் நான்.

“தம்பி மீனெல்லாம் சாப்பிடுமா?” என்று அவளுடைய அப்பா கேட்டார்.

“எறால் மட்டும் ஒத்துக்காது. மேலெல்லாம் தடிச்சுப் போவும்.” அதையும் நான்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“பிள்ளைய ரெண்டும் கொஞ்சம் தனியா பேசட்டும்” என்று அவள் அப்பா சொன்னார். இருவரும் பின்பக்கம், ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொடியருகே போய் நின்றார்கள். ஜன்னல் வழியாக ஆள் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. அவள் அப்பா ரப்பர் விலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டே அச்சப்பத்தை எடுத்து எடுத்து வாயில் திணித்தேன். அவள் என்னவோ கேட்டாள். அவன் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கணக்கு வாத்தியாரிடம் சிரிக்க என்ன இருக்கிறது? பிடித்துவிட்டது, அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். கல்யாணத்தன்று மாதா கோயிலில் அவன் பக்கத்தில் கோட்டுப் போட்டு நின்று ஃபோட்டோவுக்குப் பல்லைக் காட்டுவதுவரை மனசு ஓடிவிட்டது.

திரும்பும்போது அவன் என் பின்னால் உட்கார்ந்து வந்தான். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வராத காலம் அது. ஜங்ஷனில் வழக்கம்போல் மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பின்னால் கேரளா பஸ்.

“பிடிச்சுதா?” என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

“நல்ல பிள்ளை. ஆனா வேண்டாம்னு அவளே வீட்ல சொல்லிருவா. அவளுக்குக் குவைத்துக்குப் போணுமாம்.”

“பொறவு என்னத்துக்குலே அந்தச் சிரிப்பு?”

“மனசுல ஆரும் உண்டான்னு கேட்டா. உண்டுன்னேன். ஆருன்னு கேட்டா. அன்னா அங்க இருந்து ஒங்க வீட்டு அச்சப்பத்தப் பூரா தின்னு தீக்குதானே, அவன்தான்னேன்.”

கிளட்சிலிருந்து கை நழுவி வண்டி அணைந்துவிட்டது. பஸ்காரன் ஹார்னை அமுக்கினான். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்.

“இன்னைக்குப் பாத்த பிள்ளைட்ட சொல்லத் தெரியுது. என்னட்ட சொல்ல ஒனக்கு வாயில்லியா?”

அவன் கை என் தோளில் இருந்தது.

“நீ மாட்டேன்னு சொல்லிட்டா, பொறவு நான் ஆருட்ட மக்கா போயி அழுவேன்? அதுக்கும் எனக்கு நீதானே உண்டு.”

பஸ்காரன் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.