எருண்டினா எடுத்த கல்

கலீசியக் கரையில் எங்கள் குடாவுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புயலுக்குப் பின் ஒதுங்கும் கடற்பாசியைக் குவித்து உச்சியில் ஒரு கல்லை எவர் வைத்தாரோ, அது அவர் உருளைக்கிழங்குத் தோட்டத்து உரம். அக்கல்லைப் பிறர் கை தீண்டுவதில்லை.

மணலில் மட்டிச் சிப்பி கிளறிப் பிழைத்த எருண்டினா அதைத் தீண்டினாள் என்றொரு பழி இருந்தது. முன்னொரு குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு எலாடியோவின் குவியல் காணாமற்போக, அவர் அவளைச் சுட்டினார். கார்மேல் அன்னையின் சந்நிதியில் அவள் சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லை. அன்றுமுதல் இருவருக்கும் பேச்சில்லை. அவள் கைம்பெண்ணாகித் தலை நரைத்த பின்னும், கல்திருடி என்னும் பெயர் மட்டும் நீங்கவில்லை.

கப்பல் உடைந்து எண்ணெய் மிதந்து வருகிறது என்று கேட்ட காலையில், எலாடியோவும் மற்ற ஆண்களும் அதைக் கடலிலேயே அள்ளப் படகேறினார்கள். நாங்களும் நகரத்திலிருந்து வந்த தொண்டர்களும், எண்ணெய் பற்றுவதற்கு ஒன்றும் இராதபடி கரையைத் துடைத்தோம். மரத்துண்டு, கிழிந்த வலை, பாசி யாவும் மேடேறின. அவரவர் குவியலை அவரவர் வீட்டார் சுமந்தனர். எலாடியோ தனியாள், அவர் குவியல் மட்டும் கல்லோடு நின்றது, எருண்டினா மட்டி கிளறும் மணல்திட்டுக்கு நேர்மேலே.

"இத மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்றாள் நோவா என்னும் தொண்டர்ப் பெண்.

"கல்லு இருக்குல்ல," என்றாள் மீன்கடைச் சபேலா.

"கல்லுதானே? நான் எடுக்கறேன்."

"தொடாத தாயி," என்றாள் எருண்டினா. "யாரு எடுத்தாலும் எம்பேர்லதான் விழும்."

"விட்டா பாசி எண்ணெயக் குடிச்சு, கோடை முழுக்க உன் மட்டி மேல கக்கும்," என்றாள் சபேலா. "தொட்டா, எலாடியோ சொன்னது மெய்யாயிரும். பாத்துக்க."

எருண்டினா சிலுவைக் குறியிட்டுக்கொண்டு, எல்லோரும் காண, இரு கையாலும் கல்லைத் தூக்கினாள். அதை மடியில் கட்டியவள் எவரிடமும் கொடுக்கவில்லை. கூடை கூடையாகப் பாசியை எலாடியோவின் தோட்டத்தில் சேர்த்துக் குவித்து, உச்சியில் அதே கல்லை வைத்தாள்.

அந்தியில் எலாடியோ முழங்கைவரை எண்ணெய்க் கருப்போடு கரையேறி, குவியல் நின்ற இடம் வெறுமையாகக் கிடப்பது கண்டு தோட்டத்துக்கு வந்தார்.

"எவன்டா என் கல்ல எடுத்தது?"

"எவனும் இல்ல. நான்தான்."

"அப்ப அன்னிக்கும் நீதான்!"

"அன்னிக்கு எடுத்தவன் உன் தோட்டத்துல கொண்டாந்து குமிச்சானா? கல்லத் திருப்பி வெச்சானா?"

எலாடியோ குவியலை ஒருமுறை சுற்றி வந்தார். தொப்பியைக் கழற்றப் போன கை, எண்ணெய்த் தார் அப்பியிருந்ததால் பாதியில் நின்றது.

"கல்லு கோணலா இருக்கு," என்றார்.

"உன் புத்திய விட நேராத்தான் இருக்கு."

அவர் அதை நிமிர்த்தவில்லை.

மறுநாள் எண்ணெய் தாராகத் திரண்டு கரைக்கு வந்தது. வெறும் மணலில் படிந்ததை வழித்தெடுத்தோம். மட்டித் திட்டு பெரும்பாலும் பிழைத்தது. இப்போது எவரேனும் வாய்தவறிக் கல்திருடி என்றால், முதலில் முறைப்பவர் எலாடியோ.