நல்லரத்தினத்தின் நிறைஞ்ச பெற்றரி

பழுகாமத்தில் நல்லரத்தினத்தைத் தெரியாதவர்கள் குறைவு. குறைவு என்று எழுதினால் மனிதர் மனம் நோவார். ஆகையால், தெரிந்தவர்களே நிறைய என்று வைத்துக்கொள்வோம்.

அவருடைய வாயில் இல்லை, குறைவு, முடிந்தது என்ற சொற்கள் வராது. களத்தில் நெல் கிடக்கும்போது குறைவான பேச்சுப் பேசினால் பொலி குறைந்து போகும் என்பது வேளாண்மைக்காரர்களின் பழைய கட்டுப்பாடு. மற்றவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். நல்லரத்தினம் மட்டும் அதை வீட்டுக்கும் கடைக்கும் ஆசுபத்திரிக்கும் கூடவே கொண்டு திரிந்தார்.

அரிசிப் பானையின் அடி தெரிந்தால், "புள்ள, அரிசி நிறைஞ்சிட்டு" என்பார். மனைவி கண்ணகை பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுவாள். விளக்கில் எண்ணெய் வற்றினாலும் நிறைஞ்சிட்டுத்தான். ஒருமுறை பிரஷர் குளிசை முடிந்து கிளினிக்குக்குப் போனார். புதிதாக வந்த டொக்டர் பிள்ளை, "குளிசை இருக்கா ஐயா?" என்று கேட்டாள்.

"நிறைஞ்சிட்டு மகள்" என்றார் இவர்.

"நிறைய இருக்கெண்டா நீங்க போடுறதில்லையா?" என்று ஏசி, ஒரு குளிசையும் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள் அந்தப் பிள்ளை. மறுநாள் கண்ணகை போய் விளக்கம் சொல்லித்தான் வாங்கி வந்தாள். "இந்த மனிசனோட குடும்பம் நடத்துறதுக்கு இன்னொரு பாஷை படிக்கணும் டொக்டர்" என்றாளாம்.

இப்படிப்பட்டவருக்கு இந்த மாசியில் ஒரு சோதனை வந்தது. வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்த அவருடைய வயல்வட்டை நன்றாக விளைந்து, கதிர் பாரத்தில் தலை சாய்ந்து கிடந்தது. பிள்ளையாரப்பன் கை விடவில்லை. ஆனால் மேற்கே மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சாய்ந்த கதிரில் மழை விழுந்தால் நெல் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். போகம் முழுக்கப் பட்ட பாடு பசுமாட்டுக்குத்தான்.

அந்தப் பகுதியில் அப்போது நின்றது ஒரேயொரு வெட்டு மெஷின். அதை ஓட்டுகிற உதயரூபன் திருகோணமலைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவன். அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"ஐயா, இப்ப நிக்கிற வட்டைக்குப் பிறகு உங்கடதான் முதல். ஆனா சாக்கும் ஆளும் ரெடியா எண்டு போன்ல கோல் எடுத்துக் கேட்டுத்தான் மெஷினை இறக்குவன். போன் வேலை செய்யாட்டி அடுத்த வட்டைக்குப் போயிருவன். மழைக்கு முந்தி ஓடுற ஆள் நான்."

அடுத்த வட்டை வினாயகமூர்த்தியுடையது. நல்லரத்தினத்தை விடப் பத்து வயது இளையவன். அவனுடைய கதிரும் சாய்ந்துதான் கிடந்தது.

வட்டையில் கரண்ட் கிடையாது. நல்லரத்தினத்தின் போன் பழசு. காலையில் முழுசாக ஏற்றினாலும் மத்தியானத்தில் மயங்கும். "அந்த நேரம் பார்த்து போன் செத்துப் போனா என்ன செய்வீங்க?" என்றாள் கண்ணகை. நல்லரத்தினம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுத்ததும் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனார்.

அங்கே போன் கடை வைத்திருக்கும் றிஷாட் ஒரு பவர் பேங்கை எடுத்து மேசையில் வைத்தான். பார்வைக்குப் பெரிய சவுக்காரக் கட்டி மாதிரி இருந்தது.

"அண்ணன், நல்லாக் கேளுங்க. முதல்ல இந்தப் பெட்டியை வீட்டுல முழுசா ஏத்திப்போட்டுத்தான் கொண்டு போகணும். இதோட வந்த கட்டை வயரையே பாவியுங்க. கண்ட கண்ட வயரைக் கொளுவினா மெதுவாத்தான் ஏறும். ஏறக்குள்ள பாட்டுக் கேக்காதீங்க, கதைக்காதீங்க. அவசரமெண்டா போனை ஓஃப் பண்ணிப்போட்டு ஏத்துங்க, கெதியா ஏறும்."

"சரி தம்பி."

"துணியால சுத்தாதீங்க, காத்துப் படணும். தண்ணி ஆகவே ஆகா. ஓட்டைக்குள்ள தூசு போகப் படாது. முக்கியமா, வெயில்ல வெச்சு சூடாக்கிராதீங்க. சூடு வெச்சா ஆபத்து."

நல்லரத்தினம் சிரித்தார். வெட்டிய கதிரைக் கட்டுக் கட்டாய் அடுக்கும் குவியலுக்கு எங்கள் பக்கத்தில் சூடு என்றுதான் பெயர்.

"இப்ப ஆர் தம்பி சூடு வைக்கிற? எல்லாம் மெஷின்தானே."

றிஷாட் பவர் பேங்கைத் துடைத்து எடுத்தான். பிறகு, "அதுதான் அண்ணன், வைக்காதீங்க" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தான்.

வீட்டில் ஓர் இரவு முழுக்கப் பெட்டி ஏறியது. நாலு வெளிச்சமும் எரிந்தன. விடிந்ததும் நல்லரத்தினம் குளித்து, சாமி படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மேலே திருநீறு தூவினார். புது மண்வெட்டிக்கும் இதைத்தான் செய்தார், போன வருஷம் வாங்கிய தண்ணீர்ப் பம்புக்கும் இதைத்தான் செய்தார். பிறகு மஞ்சள் துண்டில் சுற்றிக் கொண்டு போனார்.

"சுத்தப் படாதெண்டு கடைக்காரப் பொடியன் சொன்ன எண்டீங்களே?" என்றாள் கண்ணகை.

"அது சும்மா துணிக்குச் சொன்னது. இது கோயில் துண்டு."

வட்டையில் நாலு கம்பு நட்டு ஓலை போட்ட காவல் வாடி ஒன்று இருந்தது. பூசை செய்த சாமானைக் காலடியில் வைக்கலாமா? கூரையோரம் நிழலாய் ஓர் இடம் பார்த்துச் செருகி வைத்தார். காலை நேரத்து நிழல் அது. மத்தியானம் ஆனதும் சூரியன் இந்தப் பக்கம் வரும் என்பதை, வானத்தைப் பார்த்தே நேரம் சொல்லும் மனிதர் அன்றைக்கு மறந்துபோனார்.

ஆட்கள் வந்து சாக்கையும் மழைக்கு மூடும் படங்கையும் இறக்கிவிட்டு வரம்பில் குந்தினார்கள். உச்சி சாய்ந்தபோது போன் அடித்தது. சேட்டுப் பையிலிருந்து எடுத்துப் பார்த்த நல்லரத்தினம் திடுக்கிட்டார். போனின் பின்பக்கத்தில் டோர்ச் லைட் எரிந்துகொண்டிருந்தது. விடிய மாட்டுப் பட்டிக்குள் வெளிச்சம் பிடித்தது, பட்டப் பகலிலும் பையைப் பார்த்து எரிந்திருக்கிறது. பெற்றரிப் படம் சிவந்து கிடந்தது.

பேசியது உதயரூபன். பின்னால் மெஷின் இரைச்சல்.

"ஐயா, இஞ்ச கடைசி மூலை வெட்டுறன். சத்தத்துல ஒண்டும் விளங்குதில்லை. கொஞ்ச நேரத்தால எடுக்கட்டா? போன்ல சார்ஜ் இருக்கா?"

"நிறைஞ்சிட்டு தம்பி! நிறைஞ்சிட்டு!" என்று பதறிக் கத்தினார் நல்லரத்தினம்.

"ஆ, அப்ப நல்லது. பிறகு எடுக்கிறன்." வைத்துவிட்டான்.

நல்லரத்தினம் வாடிக்கு ஓடினார். கூரையில் கை வைத்ததும் சுட்டது. துண்டை அவிழ்த்தார். பெட்டி, அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. பக்கத்து வாய்க்காலில் ஒரு முறை முக்கி எடுப்போமா என்று கால் நாலடி போயும்விட்டது. "தண்ணி ஆகவே ஆகா" என்ற றிஷாட்டின் குரல் பிடித்து நிறுத்தியது. திரும்பி வந்து வாடிக்குள் நிழலில் பலகையில் வைத்து, கமுகமட்டையால் விசிறினார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவது போலத்தான்.

சூடு தணிந்ததும் வயரைக் கொளுவினார். ஒன்றும் ஏறவில்லை. திருப்பிக் கொளுவினார். அழுத்தினார். வயர் பாதி போய் நின்றுகொண்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் ஒரு முறை மினுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பெட்டியைத் தூக்கி ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தார். உள்ளே வெள்ளையாய் ஏதோ அடைத்துக் கிடந்தது. திருநீறு.

தூசு போகப் படாது என்றுதான் றிஷாட் சொன்னான். திருநீற்றை ஆர் தூசு என்று நினைப்பார்கள்? வாயால் ஊதலாம், ஆனால் எச்சில் படும். பெட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் மெதுவாய்த் தட்டினார். காய்ந்த வைக்கோல் தாள் ஒன்றை எடுத்து நோகாமல் கிளறினார். கொஞ்சம் கொஞ்சமாய்க் கொட்டியது. கொட்டியதை வீணாக்காமல் நெற்றியில் பூசிக்கொண்டார். மறுபடி வயரைக் கொளுவினார். "டிக்" என்று இறுகியது. சற்று நேரத்தில் போன் கண் விழித்தது. அவருடைய கண்ணும் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வினாயகமூர்த்தி வரம்பால் நடந்து வந்தான்.

"என்ன அண்ணன், நெத்தி முழுக்கப் பூசிக்கொண்டு இருக்கிறீங்க? போனுக்குப் பூசையா?"

"கொஞ்சம் ஏறிக்கொண்டு இரிக்கி, வினாயகமூர்த்தி."

"இப்படி எரிய விட்டுக்கொண்டு ஏத்தினா நாளைக்குத்தான் ஏறும். ஓஃப் பண்ணி வைங்க அண்ணன். மடமடவெண்டு ஏறும்."

பொய் சொல்லவில்லை அவன். றிஷாட் சொன்னதும் அதுதானே. நல்லரத்தினம் போனை ஓஃப் பண்ணிப் பலகையில் பக்குவமாய் வைத்து, பக்கத்தில் சப்பணம் கட்டி இருந்தார். கெதியாய் ஏறவேண்டும் என்ற நினைப்பில், ஓஃப் பண்ணிய போனுக்குக் கோல் வராது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. வினாயகமூர்த்திக்குத் தோன்றியது. அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு தன் வட்டைக்குப் போய்விட்டான்.

கிரவல் ரோட்டில் மெஷின் உறுமும் சத்தம் கேட்டது. நல்லரத்தினம் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு எழும்பினார். "வந்திட்டான்! சாக்கைத் தூக்குங்கடா!" என்று ஆட்களை எழுப்பிவிட்டு, மெஷின் இறங்கும் இடத்தில் போய் நின்று இரண்டு கையையும் காட்டினார். மெஷின் அவரைக் கடந்து நேரே போனது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். வினாயகமூர்த்தியின் வட்டை வாசலில்தான் பிடிக்க முடிந்தது.

"தம்பி! நான்தானே முதல்!"

உதயரூபன் மேலே இருந்து எட்டிப் பார்த்தான். "கோல் எடுத்து எடுத்துக் களைச்சுப் போனன் ஐயா. போன் ஓஃப்."

"சார்ஜ் நிறைஞ்சிட்டு எண்டு முதலே சொன்னன்தானே!"

"அதைத்தான் நானும் கேக்கிறன். நிறைஞ்ச போனை ஏன் ஓஃப் பண்ணி வெச்சீங்க? என்ர மெஷின் பிடிக்காட்டி பிடிக்கேல்லை எண்டு நேர சொல்லுங்க."

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். ஒரு சொல் போதும். ஆனால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் விளைந்த கதிர், அந்தப் பக்கம் விளைந்த கதிர். இரண்டும் தலை குனிந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. இவ்வளவு காலமும் காத்த வாயை இந்த நேரத்தில், அறுவடை வாசலில் நின்று திறப்பதா? "தம்பி... அது... நல்லா நிறைஞ்சு... நிறைஞ்சு நிறைஞ்சு..." என்று திணறினார். முகம் வேர்த்து, நெற்றித் திருநீறு மூக்கால் வழிந்தது.

"இன்னும் எவ்வளவுதான் நிறையும் ஐயா?" என்றான் உதயரூபன். "வழி விடுங்க."

வரம்பில் சாக்கோடு நின்ற வினாயகமூர்த்தி மேகத்தைப் பார்த்தான். தன் கதிரைப் பார்த்தான். மூக்கால் திருநீறு வழிய நிற்கும் மனிதரைப் பார்த்தான். சாக்கை நிலத்தில் போட்டான்.

"டேய் தம்பி, மெஷினைத் திருப்பு! அந்த மனிசன் நிறைஞ்சிட்டு எண்டா முடிஞ்சிட்டு எண்டு அருத்தம்! ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது. போனை ஓஃப் பண்ணச் சொன்னதும் நான்தான். கோல் வராதெண்டு தெரிஞ்சுதான் சொன்னன். போ, அவர்ர வெட்டு முதல்ல."

உதயரூபனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். மெஷினும் கூடச் சேர்ந்து குலுங்கியது.

நல்லரத்தினம் வினாயகமூர்த்தியின் கிட்டப் போய் மெதுவாய்ச் சொன்னார்: "அந்தச் சொல்லைக் கொஞ்சம் சத்தம் தணிச்சுச் சொல்லியிருக்கலாம், வினாயகமூர்த்தி. கதிர் நிக்கிது."

"போங்க அண்ணன், நான் மனசு மாற முந்திப் போங்க!"

மெஷின் திரும்பியது. நல்லரத்தினத்தின் வட்டை வெட்டி, நெல் சாக்கில் விழுந்து, படங்கு போட்டு மூடிக் கட்டியும் ஆயிற்று. உடனே வினாயகமூர்த்தியின் வட்டைக்கு இறங்கினார்கள். பெரும்பகுதி வெட்டிவிட்டார்கள். தெற்குப் பக்கம் ஒரு கீற்று மிஞ்சி நின்றபோது முதல் துளி விழுந்தது. பள்ளமான இடம், ஈரத்தில் மெஷின் புதையும் என்று உதயரூபன் ரோட்டுக்கு ஏற்றிவிட்டான்.

வினாயகமூர்த்தி அந்தக் கீற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் சளக் சளக் என்று காலடிச் சத்தம். நல்லரத்தினம் கையில் தாக்கத்தியோடும், தம் ஆட்களோடும் வந்து கதிரைப் பிடித்து அறுக்கத் தொடங்கியிருந்தார்.

"உங்களுக்கு என்ன அண்ணன் விசரா? மழை கொட்டப் போகுது."

"கதையாத, குனி."

உதயரூபனும் இறங்கி வந்து குனிந்தான். அறுத்த கதிரைத் தூக்கித் தூக்கி ரோட்டோரப் படங்குக்குள் தள்ளினார்கள். மழை வலுத்தது. வாடிக்குள்ளிருந்து போன் அடிக்கும் சத்தம் கேட்டது. ஆட்களில் ஒருவன் இடையில் அதை ஓன் பண்ணியிருக்க வேண்டும்.

"அண்ணன், உங்கட போன். கண்ணகை மச்சியாத்தான் இருக்கும்."

"அடிக்கட்டும். நல்லா ஏறியிரிக்கிபோல, என்ன சத்தம் பாரு" என்றார் நல்லரத்தினம், அடுத்த பிடிக் கதிரை வளைத்துக்கொண்டு.