பால் வேண்டாமென்று நான் சொல்லவில்லை

தம்பி கனடாவிலிருந்து வந்து நின்ற கிழமையில்தான் எங்கள் வீட்டுக்குப் பால் வருவது நின்றது.

வேலணையில் எனக்குப் பால் தருகிறவள் பின் ஒழுங்கையில் மாடு வளர்க்கும் ஒரு பெண். விடிந்ததும் சைக்கிளில் வருவாள். வாசல் படலையில் தொங்கும் பைக்குள் பால் போத்தலை வைத்துவிட்டு, நான் கழுவி வைத்த வெறும் போத்தலை எடுத்துப்போவாள். பால் போத்தலின் கண்ணாடியைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். தட்டுப்பாட்டில் பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்திலும் என் குசினியில் பால் தேத்தண்ணி இருந்தது அவளால்தான்.

தம்பிக்கு அந்தப் போத்தல்கள் பிடிக்கவில்லை. யார் எப்படிக் கழுவினார்களோ என்றான். யாழ்ப்பாணம் போய் அட்டைப்பெட்டிப் பாலாக வாங்கிவந்து பிறிஜ்ஜை நிரப்பினான். அப்பா தெற்கில் கடை வைத்திருந்தபோது எங்கள் வாசலுக்கும் போத்தலில்தான் பால் வந்தது; மூடியில் ஒட்டிய ஆடையை யார் நக்குவது என்று நானும் அவனும் அடிபடுவோம். அதைச் சொன்னேன்.

"உங்களுக்குப் பழைய ஞாபகம், அக்கா. வேறையொண்டுமில்லை" என்று சிரித்தான்.

மறுநாள் பைக்குள் நான் கழுவி வைத்த வெறும் போத்தலே கிடந்தது. மாட்டுக்குச் சுகமில்லையோ என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் அவள் வராததால், போத்தலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வாங்கோ என்று சொல்லவில்லை.

"உங்கட தம்பி படலையில நிண்டு, இனிப் பால் வேண்டாமெண்டு சொன்னவர்" என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. "வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. அது என்ரை படலை. நீர் நாளைக்கு வாரும்."

"பால் தாறன், அக்கா. ஆனா வேண்டாமெண்டு சொன்ன படலைக்கு இனி நான் வரமாட்டன்."

கோபம் வந்தது. ஆனால் அவள் இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். போத்தலை நீட்டினேன்.

வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சி எனக்கு மட்டும் தேத்தண்ணி போட்டேன். இப்படிப் போத்தலோடு ஒழுங்கையில் நடந்தால், அக்காவைப் பார்க்க நாதியில்லை என்று சனம் கதைக்கும் என்றான் தம்பி. கதைக்கட்டும் என்றேன். இந்த வீட்டுக்கு யார் வரலாம், இங்கே என்ன குடிக்கலாம் என்பதை இங்கே இருக்கிற நான்தான் சொல்வேன், வந்துபோகிறவர்கள் சொல்ல ஏலாது என்றும் சொன்னேன். அவனோடு நான் அப்படிப் பேசியதே இல்லை. வாங்கி வைத்த அட்டைப்பெட்டிப் பாலையெல்லாம் அவனே குடித்து முடித்துவிட்டுப் போனான்.

அவள் இன்னும் என் படலைக்கு வருவதில்லை. நான் போகிறேன். சோளகக் காற்று முகத்தில் புழுதியை அடிக்கும்போதும் போகிறேன், மாரியில் ஒழுங்கை வெள்ளமாக நிற்கும்போதும் போகிறேன். முழங்கால் நோவுக்காரிக்கு இந்த வீம்பு எதற்கு என்று கேட்ட எதிர்வீட்டுக்காரி, போன மாதம் பேத்திக்கென்று பால் வாங்கிவரத் தானும் ஒரு போத்தலைத் தந்துவிட்டாள். பைக்குள் இரண்டும் மோதி ஒழுங்கை முழுக்கச் சத்தம் கேட்கிறது. கேட்கட்டும்.