கேலாங் கடைக் கண்ணாடியில் அக்கா

அக்காவின் கல்யாணத்துக்கு மேளம் இல்லை, மாலை இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. பதிவு அலுவலகத்தில் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவளோடு வேலை பார்த்த இரண்டு நர்ஸுகள். படம் எடுத்தது நான். சிங்கப்பூரில் அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன்.

மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் இருந்தார். தமிழர்தான், ஆனால் கத்தோலிக்கர். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஊரிலிருக்கும் தன் தங்கை மகனுக்கு அக்காவைக் கொடுப்பதாக அப்பா பேச்சு எடுத்திருந்தார். அது முற்றுவதற்குள் பதிவு செய்துகொள்வது, பிறகு நேரம் பார்த்து வீட்டில் சொல்வது, அதுவரை அவரவர் வீட்டில் அவரவர் இருப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

"ஒண்ணுமே இல்லாத கல்யாணம்டி. ஒரு படமாவது இருக்கட்டும்," என்றாள் அக்கா.

மாப்பிள்ளையிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கும் வகை. அலுவலகப் படிக்கட்டில் இருவரையும் நிற்கவைத்து, ஒரு ரோல் முழுவதையும் எடுத்துத் தீர்த்தேன். எடுக்கும்போது பயம் இல்லை. ரோலைக் கழற்றிக் கைப்பையில் போட்டபோதுதான் உறைத்தது. இதை யாராவது கழுவித் தரவேண்டும். கழுவுகிறவன் எங்களுக்கு முன்னால் அத்தனை படங்களையும் பார்த்துவிடுவான்.

சிராங்கூன் ரோட்டில் இருந்த ஸ்டூடியோக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் அப்பாவோடு நின்று பேசுகிறவர். அங்கே கொடுப்பதும் அப்பா கையிலேயே கொடுப்பதும் ஒன்றுதான். நகரத்துப் பெரிய கடைகளில் சுத்தமாகச் செய்வார்கள், ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மலிவான கடைகளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். என் வகுப்பின் சுற்றுலாப் படங்களை அப்படி ஓர் இடத்தில் கொடுத்ததில், சில மாதங்களிலேயே எல்லாம் மஞ்சளாகிப் போயின. ஒருத்தியின் முகத்தில் கடைக்காரனின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அக்காவின் கல்யாணத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது.

வகுப்பில் இருந்த சீனத் தோழி ஒருத்தி, கேலாங்கில் ஒரு கடையைச் சொன்னாள். "விலை கம்மி. ஆனா அந்த ஆளு ரொம்ப நேரம் தண்ணியில விட்டுக் கழுவுவாரு. கறையே இருக்காது." அப்பா பஸ் ஓட்டினார். அவருடைய தடம் சிராங்கூன் ரோட்டிலிருந்து துறைமுகத்துக்குப் போவது. கேலாங் பக்கம் அவருக்கு வேலையே இல்லை. அதனால் அந்தக் கடையே சரி என்று நினைத்தேன்.

கடைக்காரர் ஒல்லியான சீனர். பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டிருந்தார். நாங்கள் பாசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில், பேசிக்கொண்டோம். நான் நுழைந்தபோது வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த ஊர் வெயிலில் மருந்து சூடாகிவிட்டால் படம் இளகிப்போகும்," என்றார். பெயர் கேட்டார். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தப் பெயரில் யாராவது பக்கத்தில் இருந்துவிடப் போகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை போய் வாங்கினேன். பஸ்ஸில் உறையைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தேன். அக்காவின் பட்டுக்கரை, மாப்பிள்ளையின் கண்ணாடியில் தெரிந்த வானம், எல்லாம் துலக்கமாக வந்திருந்தன. அக்கா அவற்றைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் போனது. வேறொரு ரோலைக் கொடுப்பதற்காக மறுபடி கேலாங்குக்குப் போனேன். கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையின் தூணில், சாலையைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. நல்ல படங்களைப் பெரிதாக்கி அதில் ஒட்டிவைப்பார். அதன் நடுவில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. தினசரித் தாளை விரித்த அளவு பெரிதாக.

உள்ளே ஓடினேன். கடைக்காரர் இல்லை. பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்கிறது, நாளை ஒன்பது மணிக்கு வா என்றாள் அவர் மனைவி. வெளியே வந்து பார்த்தால், அந்தத் தூணுக்கு நேர் முன்னால், அதே சாலையோரத்தில் பஸ் நிறுத்தம்.

பரவாயில்லை, ஒரு ராத்திரிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து என்னைக் கேலாங் லைன்ல போட்டுட்டாங்க."

அக்காவுக்குப் பெட்டியைப் பற்றித் தெரியாது. "அப்படியாப்பா?" என்று ரசத்தை ஊற்றினாள். அவளிடம் சொன்னால் முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன். அப்பா எனக்கு முன்பே போயிருந்தார். எத்தனையோ பஸ் ஓடுகிற தடம், அப்பாவின் வண்டி எனக்கு வாய்க்காது என்று நம்பினேன். வந்த பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறி இடதுபுற ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிக்கெட் வாங்கிவிட்டு நிமிர்ந்தபோது, முன்னால் அந்தப் பழகிய பின்கழுத்து. கண்ணாடியில் அப்பாவின் கண்கள் என்னைப் பார்த்தன. புருவம் உயர்ந்தது. நான் சிரிக்க முயன்றேன்.

இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். இறங்கினாலும் பஸ் போகத்தானே போகிறது. கடைக்கு முன்னால் இருந்த நிறுத்தத்தில் ஆட்கள் நிறைய ஏறினார்கள். 'இந்தப் பக்கம் பார்க்காதீங்கப்பா' என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்பா ஏறுகிறவர்களைப் பார்க்க இடதுபுறம் தலையைத் திருப்பினார். தலை அப்படியே நின்றுவிட்டது.

கண்டக்டர் மணி அடித்தார். பஸ் நகரவில்லை. மறுபடி அடித்தார். "அண்ணே, போலாம் லா!" என்று கத்தினார். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அப்பா திரும்பவே இல்லை. பிறகு கியர் கரகரத்தது, பஸ் கிளம்பியது. கடைசி நிறுத்தம் வரை கண்ணாடியில் அவர் என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு எழுந்து வந்தார். "வா. கோப்பி குடிப்போம்."

ஓரத்துக் கடையில் உட்கார்ந்தோம்.

"படம் நீ எடுத்ததா?"

தலையாட்டினேன்.

"பையன் யாரு?"

சொன்னேன். என்ன வேலை, எந்தச் சர்ச், எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதிஞ்சிட்டாங்களா?"

"ஆமாப்பா."

கோப்பியைச் சாசரில் ஊற்றினார். குடிக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. கேலாங்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியுது." பிறகு எழுந்தார். "சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத. அவகிட்டயும்தான்."

அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நான் கேலாங் கடைக்குத் திரும்பினேன். ஒன்பது மணிக்குக் கடைக்காரர் வந்து, "இதைப் பார்த்துத்தான் நிறைய பேர் வந்தார்கள்," என்று முணுமுணுத்துக்கொண்டே படத்தை எடுத்துக் கொடுத்தார். அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்கும் போகாமல், வகுப்புக்கும் போகாமல், மதியம் வரை கடற்கரையோரம் நடந்தேன். அப்பா அக்காவை அடிப்பாரா, ஊருக்கு அனுப்பிவிடுவாரா, தானே ஏதாவது செய்துகொள்வாரா என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

சாயங்காலம் அப்பா வந்தார். சட்டையைக் கூடக் கழற்றவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை வரச் சொல்லு. தனியா வரவேண்டாம். அவங்க அம்மாவோட வரட்டும்."

அடுப்படியில் இருந்த அம்மா, "எந்தப் பையன்?" என்றாள். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா முதல் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கடைசியில் அவர்கள் பங்குச் சாமியார் பேசிய பிறகுதான் அந்த அம்மா வந்தார். அப்பா அவரிடம் மரியாதையாகப் பேசினார். அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாதக்கணக்கில் பேசவில்லை. அவள் பரிமாறினால் சாப்பிடுவார், கேட்டால் பதில் வராது.

சர்ச்சில் சின்னதாக ஆசீர்வாதம் நடந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். முடிந்து வெளியே வந்தபோது, பஸ் சீருடையோடு வாசல் மரத்தடியில் நின்றிருந்தார். அக்கா பக்கத்தில் போகத் தயங்கினாள். அவரே இரண்டடி எடுத்து வைத்தார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.