வளைவுல ஹாரன் அடி

விண்டர்மியர் ஏரிக்குப் போக வாடகைக்கு எடுத்த காரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போச்சு. கியர் வண்டி. புக் பண்ணும்போது ஆட்டோமேட்டிக்கான்னு பார்க்கணும்னே அவருக்குத் தோணலை. மனுஷன் ஸ்டியரிங் பிடிச்சதே நியூஜெர்சி வந்த பிறகுதான், கிளட்ச்சைக் காலால தொட்டதில்லை. வேற வண்டியும் இல்லைன்னுட்டாங்க.

இங்கிலாந்து ட்ரிப்புல ஏரிக்குன்னு இருந்தது அந்த ஒரு நாள்தான். படகு, படகுன்னு கிளம்பினதுலேர்ந்து உசிரை வாங்கின எங்க பொண்ணு உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

"ஏனுங்க, சாவியைக் கொடுங்க"ன்னேன்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! நியூஜெர்சியில நாங்க இருக்கிற பிரிட்ஜ்வாட்டர்ல கோயில், மளிகைக் கடை, அதோட சரி என் டிரைவிங். ஃப்ரீவேன்னா அவர்தான். ஒரு தடவை பாஞ்சு வர்ற வண்டிங்களுக்கு நடுவுல நுழைஞ்சு மெர்ஜ் பண்ண முடியாம நான் ஓரமா நின்னுட்டேன். அப்பாவுக்கும் மகளுக்கும் அதைச் சொல்லிச் சிரிக்காம சாப்பாடு இறங்காது. அவ கண்ணுல நான் பயந்தாங்கொள்ளி. அது எனக்கு எவ்வளவு உறுத்துச்சுன்னு அவளுக்குத் தெரியாது.

ஆனா நான் பொள்ளாச்சிக்காரி. எங்கப்பாவோட ஓட்டை ஜீப்பை வால்பாறை மலையில ஏத்தி இறக்கித்தான் ஓட்டப் பழகினேன். இங்கிலாந்துலயும் நம்மூர் மாதிரி இடது பக்க ரோடுதான், அது எனக்குப் பிறந்த வீடு மாதிரி.

கொஞ்ச தூரம் போனதும் மேப் ஒரு சந்துக்குள்ள விட்டுச்சு. ரெண்டு பக்கமும் கல் சுவர், முன்னால என்ன வருதுன்னே தெரியாத வளைவுங்க. மலை ரோட்டுல வளைவு வந்தா என்ன பண்ணணும்? ஹாரன் அடிக்கணும். ஒவ்வொரு வளைவுக்கும் அடிச்சேன். ஆடுங்க சிதறி ஓடுச்சு. வாக்கிங் வந்த வெள்ளைக்காரத் தாத்தா ஒருத்தர் சுவரோட ஒட்டிக்கிட்டு முறைச்சார்.

"அம்மா, ஸ்டாப்! தே ஹேட் அஸ்!"ன்னு பொண்ணு சீட்டுக்குள்ள புதைஞ்சா.

"முறைச்சா முறைச்சுட்டுப் போகட்டும், இடிச்சுக்காம போனா போதும்"னேன்.

ஒரு இறக்கத்துல வளைவைத் தாண்டினா எதிர்ல டிராக்டர், பின்னாடி டிரெய்லர் நிறைய வைக்கோல். ஹாரன் கேட்டு அந்த ஆள் முன்கூட்டியே நிறுத்தியிருந்தார். டிரெய்லரோட அவர் பின்னால போக முடியாது, நான்தான் போகணும். என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு முருகனைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார். நான் தலையை வெளிய நீட்டி, ஹாஃப் கிளட்ச்லயே வண்டியை மேட்டுல பின்னால ஏத்தி, சுவர் விலகின இடத்துல ஒதுக்கினேன். ஒரு கீறல் இல்லை! டிராக்டர்காரர் தாண்டும்போது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமையான பெருமை. பின் சீட்டுல புதைஞ்சிருந்த பொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தா.

ஏரிக்கரை பெஞ்சுல உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம், வாத்துங்க சுத்தி நின்னு வேடிக்கை பார்த்துச்சு. படகுல பொண்ணு என் தோள்ல சாஞ்சுக்கிட்டு ஃபிரெண்டுக்கு ஃபோன் பண்ணா. "மை மாம் டிரைவ்ஸ் ஸ்டிக்!" கியர் வண்டிக்கு அமெரிக்காவுல அதான் பேரு. நான் கேட்காத மாதிரி தண்ணியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஊர் திரும்பி நியூவார்க் ஏர்போர்ட்ல இறங்கி, பார்க்கிங்ல எங்க காரைக் கண்டுபிடிச்சோம். வழக்கம்போல அவர் டிரைவர் பக்கம் போனார். பொண்ணு அவர் கையிலருந்து சாவியைப் பிடுங்கி என்கிட்ட நீட்டினா. வீட்டுக்கு ஃப்ரீவே ஏறித்தான் போகணும்னு மூணு பேருக்கும் தெரியும். அவர் காலுக்குத் தோதா பின்னால தள்ளியிருந்த சீட்டை முன்னால இழுத்துக்கிட்டேன். அவ என் பக்கத்துல உட்கார்ந்தா.

மெர்ஜ் பண்ற இடம் வந்துச்சு. லாரிங்க சர்ரு சர்ருன்னு போகுது. எதுக்கும் இங்கிலீஷ்லயே பதில் சொல்ற பொண்ணு, தமிழ்ல சொன்னா: "ஹாரன் அடிச்சுட்டு ஏறும்மா."