என் வீட்டுக்காரர் வயிற்றில் வைத்த துணிக்குழாய்

1986, தவக்காலம். மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் தக்காளிக் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், முதுகு வலிக்கிறது என்று வரப்பிலேயே படுத்துவிட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே ஏதோ திம் திம்மென்று துடித்தது. ஆறு பிள்ளை பெற்றவள் நான். வயிற்றுக்குள் துடிப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் இது ஆம்பிளை வயிறாயிற்றே!

"கொடல் ஏறிக்கிச்சு அண்ணி. வெளக்கெண்ண போட்டு இழுத்து உட்டா சரியாப் பூடும்" என்று நாத்தனார் கிண்ணத்தோடு வந்தாள். எங்கள் ஊரில் எல்லா வயிற்றுவலிக்கும் அதுதான் வைத்தியம். அவள் அழுத்தித் தேய்த்ததும் அவர் அலறி மயங்கினார்.

வேன் பிடித்து பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கும்மா. இன்னொரு தடவை தேச்சிருந்தா வெடிச்சிருக்கும். ஆபரேஷன் செஞ்சாலும் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ஆனாலும் கேட்டேன்.

"அந்த எடத்துல என்னங்க வெப்பீங்க?"

"துணிக்குழாய்."

காட்டச் சொன்னேன். காட்டினார். வெள்ளையாக, ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்பு மடிப்பாக இருந்தது.

"துணின்னா ஒழுவாதுங்களா?"

"அவர் ரத்தத்துலயே நனைச்சு, உறைய வெச்சுத்தான் தைப்போம்."

"நனைச்சா சுருங்காதுங்களா?"

கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் முனகினார்: "ஏ புள்ள, நீ என்ன ரவிக்கத் துணியா வாங்கப் போற? அவர உடு!"

ஆபரேஷன் முடிந்தது. உயிர் தங்கியது. மறுநாள் காலையில் இடது கால் வெளுத்துச் சில்லென்று கிடந்தது. ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டதாம். மறுபடி திறக்க வேண்டும், ரத்தம் ஓடாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். கொல்லையில் நடந்தே பிழைத்த மனிதர். நான் உடைந்துபோனேன்.

புத்தகம் பார்த்துச் செபிக்க எனக்குத் தெரியாது. அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சேசுவே, இந்த ரத்தத்துக்கு வழி விடுமய்யா" என்று அழுதேன். அது ஒன்றுதான் சொன்னேன்.

சாயங்காலம் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தார்கள். பயந்து பயந்து பாதத்தைத் தொட்டேன். சூடு!

"கூசுது புள்ள, கைய எடு" என்றார் அவர்.

ரத்தக்கட்டியை எப்படி எடுத்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். நுனியில் குட்டி பலூன் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்தார்களாம். அந்த மூளையைக் கொடுத்த ஆண்டவரை எப்படித் துதிக்காமல் இருப்பேன்!

இன்று அவர் பூசைக்கு எனக்கு முன்னால் நடந்து போகிறார். யார் வீட்டில் வயிற்றுவலி என்றாலும் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, வாய்மூடி உட்காராதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். இத்தனை கேட்டேன், இரண்டு பேருமே என்மேல் கோபப்படவில்லை.